ஜர்னலிசம் படிக்க கம்யூனிட்டி காலேஜா, நேரா யூனிவர்சிட்டியா? ஒரு கலிஃபோர்னியா கணக்கு

பே ஏரியால நம்மாளுங்க வீட்டுல ஒரு புள்ள பன்னெண்டாவது வந்துட்டாலே பேச்சு கம்ப்யூட்டர் சயின்ஸ், அது கிடைக்கலன்னா டேட்டா சயின்ஸ், அதுவும் இல்லன்னா ப்ரீ-மெட்னுதான் ஓடும். அந்த நேரத்துல ஒரு பொண்ணு "எனக்கு ஜர்னலிசம் வேணும், முதல் ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ்லயே படிச்சுக்கறேன்"னு சொன்னா வீடு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. (கம்யூனிட்டி காலேஜ்னா கம்மி ஃபீஸ்ல முதல் ரெண்டு வருஷம் படிச்சுட்டு, மீதி ரெண்டு வருஷத்துக்கு யூனிவர்சிட்டிக்கு மாறிக்கற அரசு காலேஜ், அப்படி மாறறதுதான் ட்ரான்ஸ்ஃபர்.) ஃப்ரீமாண்ட்ல எங்க அக்கா வீட்டுல இப்ப அதுதான் நடக்குது. மாமாவுக்கு ஜர்னலிசமும் பிடிக்கல, கம்யூனிட்டி காலேஜும் பிடிக்கல, ரெண்டும் சேர்ந்து வந்ததுல எதை முதல்ல திட்டறதுன்னே அவருக்குத் தெரியல.

நான் இந்த ஃபீல்டு ஆள் இல்ல. அக்கா கேட்டதால உக்காந்து ஒவ்வொன்னா பார்த்தேன், காலேஜ்ல பசங்களே நடத்தற நியூஸ்பேப்பருங்கள எடுத்து படிச்சேன், ஃபீஸ் கணக்கு போட்டேன். என் முடிவ முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் ஏன்னு சொல்றேன். இந்தப் படிப்புக்கு பெரிய கடன் வாங்கவே கூடாது, இது ஒன்னு. காலேஜோட பேரப் பார்த்து சேரக்கூடாது, அங்க ஸ்டூடண்ட் பேப்பர் உயிரோட இருக்கா இல்லையான்னு பார்த்து சேரணும், இது இன்னொன்னு. இந்த ரெண்டும் சரியா அமைஞ்சா கம்யூனிட்டி காலேஜ் நல்ல வழிதான், சில பேருக்கு அதுதான் பெஸ்ட். அமையலன்னா சும்மா ரெண்டு வருஷம் போகும்.

முதல்ல பணம், நம்ம வீட்டுல எல்லாம் அங்கதான ஆரம்பிக்கும். கலிஃபோர்னியால 116 கம்யூனிட்டி காலேஜ் இருக்கு, இந்த நாட்டுலயே பெரிய சிஸ்டம் இதுதான். இங்க ஸ்டேட் ரெசிடென்ட்டுக்கு ஒரு யூனிட்டுக்கு (கிளாஸோட அளவ இதுலதான் எண்ணுவாங்க) 46 டாலர், 2012-ல இருந்து அதே ரேட்தான், வேற எது இந்த ஊர்ல 2012 விலைல கிடைக்குது சொல்லுங்க. டி அன்சா மாதிரி, வருஷத்த செமஸ்டரா இல்லாம குவாட்டரா பிரிக்கிற காலேஜ்ல யூனிட்டுக்கு 31 டாலர், ஆனா அங்க யூனிட் எண்ணிக்கை அதிகம்கறதால மொத்தம் கிட்டத்தட்ட ஒன்னுதான். ட்ரான்ஸ்ஃபர் பண்ண 60 யூனிட் வேணும், ஆக ரெண்டு வருஷத்துக்கு 2,760 டாலர், கூட ஹெல்த் ஃபீஸ், புக்ஸ், பார்க்கிங். முதல் தடவையா ஃபுல் டைம் சேர்ற பசங்களுக்கு ப்ராமிஸ் ப்ரோக்ராம்ல அந்த ஃபீஸையும் ரெண்டு வருஷத்துக்கு தள்ளுபடி பண்ற காலேஜ் நிறைய இருக்கு.

அதுக்கப்புறம் சிஎஸ்யூ, அதாவது கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி, சான் ஹோசே ஸ்டேட், எஸ்எஃப் ஸ்டேட் மாதிரி. அங்க 2025-26-க்கு டியூஷன் வருஷத்துக்கு 6,450 டாலர், கேம்பஸ் ஃபீஸ் தனி, 2024-ல இருந்து வருஷா வருஷம் 6 சதவீதம் ஏத்திட்டு வர்றாங்க. இன்னைக்கு ரேட்டுலயே போட்டா நாலு வருஷமும் சிஎஸ்யூன்னா 25,800, ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ் ரெண்டு வருஷம் சிஎஸ்யூன்னா 15,660. மிச்சம் பத்தாயிரம் டாலர். கம்யூனிட்டி காலேஜ் போனா லட்சக்கணக்குல மிச்சம்னு சொல்றவங்க இந்த இடத்துல கொஞ்சம் நிதானிக்கணும், வீட்டுல இருந்தே சான் ஹோசே ஸ்டேட் போய்ட்டு வர முடியும்னா வித்தியாசம் அவ்வளவுதான். ஆனா யூசி-ன்னா (பெர்க்லி, எல்ஏ எல்லாம் இருக்கற யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) கதை வேற, டியூஷன் மட்டும் வருஷத்துக்கு 15,000 டாலருக்கு பக்கம், பெர்க்லில ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்தா 40,000-ஐ சாதாரணமா தாண்டும். யூஎஸ்சி மாதிரி ப்ரைவேட்ல டியூஷன் மட்டுமே வருஷத்துக்கு 70,000 டாலர் ரேஞ்சு. அங்க ஜர்னலிசம் சொல்லித்தர்ற அன்னென்பர்க் நல்ல ஸ்கூல்தான், யாரும் இல்லன்னு சொல்லல, ஆனா நாலு வருஷம் கழிச்சு கைல என்ன சம்பளம் வரும்னு பார்த்துட்டு பேசுவோம்.

சம்பளம். அமெரிக்க தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2023 மே கணக்குப்படி ரிப்போர்ட்டர், ஜர்னலிஸ்டுகளோட மீடியன் சம்பளம் (பாதி பேர் இதுக்கு மேல, பாதி பேர் கீழ) வருஷத்துக்கு 57,500 டாலர். அதே பட்டியல்ல சாஃப்ட்வேர் டெவலப்பருக்கு 1,32,000-க்கு மேல, மாமா இதத்தான் ஃப்ரிட்ஜ்ல ஒட்டாத குறை. இன்னொரு விஷயம், 2023-ல இருந்து 2033 வரைக்கும் இந்த வேலைகளோட எண்ணிக்கை 3 சதவீதம் குறையும்னு அவங்களே சொல்றாங்க. ப்யூ ரிசர்ச்ங்கற ஆய்வு நிறுவனத்தோட கணக்குல 2008-ல அமெரிக்க நியூஸ்ரூம்கள்ல 1,14,000 பேர் இருந்தாங்க, 2020-ல 85,000. பேப்பர்கள்ல மட்டும் பார்த்தா 71,000 பேர் இருந்த இடத்துல 31,000. 2005-ல இருந்து பார்த்தா இந்த நாட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல பேப்பர் மூடியாச்சு. 2024 ஜனவரில லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் ஒரே அடியா 115 பேருக்கு மேல அனுப்பினாங்க, நியூஸ்ரூம்ல அஞ்சுல ஒரு ஆளுக்கு மேல. அதனால "வேலை நிச்சயம்"னு யாராவது ப்ரோஷர்ல போட்டிருந்தா அந்த ப்ரோஷர மடிச்சு வெச்சுடுங்க.

அப்போ இது வேணாம்னு அர்த்தமா? இல்ல, இந்த நம்பருங்க சொல்றது ஒன்னுதான், 57,500 சம்பளத்துல ஆரம்பிக்கக்கூட முடியாம அதுக்கும் கீழ ஆரம்பிக்கிற புள்ள தலைல ஒரு லட்சம் டாலர் லோன் இருந்தா அது சின்ன ஊர் பேப்பர்ல கத்துக்கற வேலைக்கு போகவே முடியாது, ரெண்டாவது வருஷமே ஃபீல்ட விட்டு ஓடிடும். கடன் இல்லாத புள்ள தாக்குப்பிடிக்கும். இதுக்கு மேல கம்யூனிட்டி காலேஜுக்கு வேற வக்காலத்தே வேண்டாம்.

சரி, படிப்பு எப்படி? இங்கதான் எனக்கே ஆச்சரியம். இந்த வேலைக்கு எடுக்கும்போது எடிட்டருங்க டிகிரி எங்கன்னு பார்க்கறதுக்கு முன்னாடி என்ன எழுதிருக்கன்னுதான் கேட்கறாங்க. க்ளிப்ஸ்னு சொல்றாங்க, உங்க பேர் போட்டு வெளிய வந்த ஸ்டோரிங்க. ஒரு மீட்டிங்க்கு போய் உக்காந்து, அதுல எது நியூஸ்னு கண்டுபிடிச்சு, மூணு பேருகிட்ட பேசி, ராத்திரிக்குள்ள தப்பில்லாம எழுதிக் கொடுக்கற ஆளா நீங்கங்கறது க்ளிப்ஸ்லதான் தெரியும். கம்யூனிட்டி காலேஜ்ல ஜர்னலிசம் ட்ரான்ஸ்ஃபர் டிகிரின்னு ஒன்னு இருக்கு, அதோட கோர்ல மாஸ் கம்யூனிகேஷன் அறிமுகம், நியூஸ் ரைட்டிங், அப்புறம் பேப்பர நடத்தறதே ஒரு கிளாஸ், மூணும் இருக்கும். அந்த மூணாவது கிளாஸ்தான் முக்கியம். பெரிய யூனிவர்சிட்டில முதல் வருஷப் பசங்க சீனியருங்களுக்கு பின்னாடி வரிசைல நிக்கணும், இங்க சீனியர்னு ஒருத்தரும் கிடையாது, எல்லாரும் ரெண்டு வருஷத்துல கிளம்பற ஆளுங்க, அதனால முதல் செமஸ்டர்லயே ஸ்டோரி கைல வந்துடும், மூணாவது செமஸ்டர்ல எடிட்டராவே ஆகிடலாம்.

இது ஏதோ விளையாட்டு பேப்பர்னு நினைச்சுடாதீங்க. சான் ஃப்ரான்சிஸ்கோ சிட்டி காலேஜோட கார்ட்ஸ்மேன் 1935-ல இருந்து வருது. சான்டா மோனிக்கா காலேஜ்ல 2013 ஜூன்ல ஒருத்தன் துப்பாக்கியோட கேம்பஸ் லைப்ரரி வரைக்கும் வந்தப்ப அவங்க பேப்பர் கோர்சேர் பசங்க அங்கயே இருந்து கவர் பண்ணாங்க. சான் டியாகோ பக்கம் சவுத்வெஸ்டர்ன் காலேஜ்ல 2010-ல த சன் பேப்பர பிரிண்ட் பண்ணவிடாம நிர்வாகம் நிறுத்தப் பார்த்தது, பசங்க விடல. காலேஜ் போர்டு மீட்டிங்ல பணம் எங்க போகுதுன்னு கேட்டு எழுதறது நிஜமான வேலை, ஏன்னா ப்ரவுன் ஆக்ட்னு 1953-ல இருந்து இருக்கற சட்டப்படி அந்த மீட்டிங் பொதுமக்களுக்கு திறந்திருக்கணும், யார் வேணா போய் உக்காரலாம், ரெக்கார்ட்ஸ் கேக்கறதுக்கும் தனி சட்டம் இருக்கு. இந்த ரெண்டு சட்டத்தையும் பதினெட்டு வயசுலயே பயன்படுத்தப் பழகின புள்ளைக்கும் புக்ல படிச்ச புள்ளைக்கும் வித்தியாசம் நல்லாவே தெரியும்.

ஆனா எல்லா காலேஜும் இப்படி இல்ல, இத அழுத்தி சொல்லணும். பேப்பர பார்த்துக்கற அட்வைசர் ஒருத்தர் ரிட்டையர் ஆனா பேப்பரும் கூடவே படுத்துடற இடங்க இருக்கு. கிளாஸ்ல ஆள் சேரலன்னா கிளாஸையே கேன்சல் பண்ணிடுவாங்க. அதனால சேர்றதுக்கு முன்னாடி அந்த காலேஜ் பேப்பரோட சைட்ட திறந்து கடைசி ஸ்டோரி எப்ப வந்துச்சுன்னு பாருங்க, போன வாரமா, போன வருஷமா. எத்தனை வேற வேற பேர்ல ஸ்டோரி வந்திருக்குன்னு பாருங்க, எல்லாத்தையும் ஒரே பொண்ணு எழுதிருந்தா அங்க டீம் இல்லன்னு அர்த்தம். ஸ்டோரி எல்லாம் ஈவென்ட் அறிவிப்பா, இல்ல நிர்வாகத்துக்கு கோபம் வர்ற மாதிரி ஏதாவது இருக்கான்னும் பாருங்க. கம்யூனிட்டி காலேஜ் ஜர்னலிசம் சங்கம் ஒன்னு இருக்கு, ஜேஏசிசி, அவங்க நடத்தற போட்டிகள்ல அந்த காலேஜ் கலந்துக்குதான்னு கேளுங்க. வீட்டுக்குப் பக்கத்துல இருக்குங்கற ஒரே காரணத்துக்காக ஒரு காலேஜ எடுக்காதீங்க, இன்னும் இருபது நிமிஷம் ட்ரைவ் பண்ணி நல்ல பேப்பர் இருக்கற காலேஜுக்கு போலாம், எந்த டிஸ்ட்ரிக்ட்ல வேணா சேரலாம், ஃபீஸ் ஒன்னுதான்.

இப்ப எதிர்த்தரப்பு. நேரா நாலு வருஷ யூனிவர்சிட்டி, அதுவும் யூசி. வேடிக்கை என்னன்னா யூசி-ல பெரும்பாலான கேம்பஸ்ல ஜர்னலிசம் மேஜரே கிடையாது. இர்வைன்ல லிட்டரரி ஜர்னலிசம்னு ஒன்னு இருக்கு, பெர்க்லில இருக்கற பெரிய ஜர்னலிசம் ஸ்கூல் மாஸ்டர்ஸுக்கு, அண்டர்கிராட்ஸுக்கு மைனர் மட்டும்தான். ஆனா அதே பெர்க்லில டெய்லி கலிஃபோர்னியன் இருக்கு, 1971-ல இருந்து யூனிவர்சிட்டிகிட்ட இருந்து தனியா பிரிஞ்சு நடக்கற பேப்பர். ஸ்டான்ஃபோர்டுலயும் அண்டர்கிராட் ஜர்னலிசம் மேஜர் கிடையாது, ஆனா முதல் வருஷம் படிச்சுட்டிருந்த தியோ பேக்கர் ஸ்டூடண்ட் பேப்பர்ல யூனிவர்சிட்டி தலைவரோட ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல இருந்த பிரச்சனைகளப் பத்தி எழுதினாரு, 2023 ஜூலைல அந்த தலைவர் பதவி விலகறதா அறிவிச்சாரு, அதுக்கு முன்னாடியே அந்தப் பையனுக்கு ஜர்னலிசத்துக்கு கொடுக்கற போல்க் அவார்டு கிடைச்சிருந்தது.

ஆக, எக்கனாமிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், பொலிட்டிக்கல் சயின்ஸ்னு வேற ஒன்ன மேஜரா படிச்சுட்டு பேப்பர்ல வேலை பார்க்கறது ஒரு நல்ல வழி, சொல்லப்போனா கம்யூனிட்டி காலேஜ் வழிக்கு நிஜமான போட்டி இது ஒன்னுதான். ஹெல்த் பீட், பிசினஸ் பீட்டுக்கு (பீட்னா ஒரு ரிப்போர்ட்டர் தொடர்ந்து கவர் பண்ற துறை) எல்லாம் எழுதத் தெரிஞ்சவங்கள விட அந்த விஷயமும் தெரிஞ்சவங்களுக்கு மதிப்பு அதிகம், நாளைக்கு ஃபீல்டு மாறணும்னாலும் கைல வேற ஒரு படிப்பு இருக்கும். பெர்க்லி சீட் கைல இருக்கு, வீட்டால பணம் கட்ட முடியும் இல்ல எய்ட் வருதுன்னா கம்யூனிட்டி காலேஜுக்காக அத விட்டுடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், சொல்றவன் பைத்தியம். ஆனா கைல இருக்கறது வேற ஸ்டேட்ல ஒரு ப்ரைவேட் யூனிவர்சிட்டி, பாதிக்கு மேல லோன்னா, யோசிக்கவே தேவையில்ல, கம்யூனிட்டி காலேஜ்தான்.

இன்னும் ஒரு வழி சில பேர் கேக்கறாங்க, ரெண்டு வருஷ டிகிரியோட நிறுத்திட்டு வேலைக்கு போலாமான்னு. ரிப்போர்ட்டர் வேலைக்கு பெரும்பாலும் பேச்சலர்ஸ் கேக்கறாங்க. கேமரா, வீடியோ எடிட்டிங், சோஷியல் மீடியா, சின்ன வாரப்பத்திரிகை, இப்படி கிடைக்கலாம், ஆனா அத நம்பி ப்ளான் போடாதீங்க.

கம்யூனிட்டி காலேஜ்ல பெரிய ரிஸ்க் படிப்பு இல்ல, அங்கயே தங்கிடறதுதான். நாடு முழுக்க எடுத்த கணக்குல கம்யூனிட்டி காலேஜ்ல ஆரம்பிக்கிறவங்கள்ல மூணுல ஒருத்தர்தான் ட்ரான்ஸ்ஃபர் ஆகறாங்க, ஆறு வருஷத்துக்குள்ள பேச்சலர்ஸ் முடிக்கிறவங்க நூத்துக்கு 16 பேர்தான். மாமா கையில இந்த நம்பர் கிடைச்சப்ப அவரு முகத்த பார்க்கணுமே. இதுல வேலை பார்த்துட்டே ஒரு கிளாஸ் ரெண்டு கிளாஸ் எடுக்கறவங்க, குடும்பம் நடத்தறவங்க எல்லாரும் சேர்த்திதான், ஃபுல் டைம் படிக்கிற, வீட்டுல சோறு போட ஆள் இருக்கற புள்ளையோட நிலைமை வேற. இருந்தாலும் கவனம் வேணும். அசிஸ்ட்னு கலிஃபோர்னியாவோட அரசாங்க சைட் ஒன்னு இருக்கு, எந்த காலேஜ்ல எடுக்கற எந்த கோர்ஸ் எந்த யூனிவர்சிட்டில எதுக்கு சமம்னு அதுல இருக்கும், முதல் செமஸ்டருக்கு முன்னாடியே அத பார்த்து லிஸ்ட் போட்டுடணும். பேப்பர்ல ஆர்வம் வந்துட்டா பசங்க பேப்பர் கிளாஸுங்களையே அடுத்தடுத்து எடுப்பாங்க, எல்லாரும் படிச்சாக வேண்டிய பொதுப் பாடம் எல்லாம் பின்னாடி தள்ளிடுவாங்க, அங்கதான் ரெண்டு வருஷம் மூணாகுது. ட்ரான்ஸ்ஃபர் டிகிரி இருந்தா சிஎஸ்யூ சிஸ்டத்துல இடம் உறுதி, ஆனா நீங்க கேக்கற கேம்பஸ்லயே கிடைக்கும்னு உறுதி இல்ல, இந்த வித்தியாசத்த நிறைய பேர் கவனிக்கிறதில்ல. யூசி-ல இர்வைன், டேவிஸ், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ், ரிவர்சைட், மெர்சட் ஆறுக்கும் டேக்னு ஒரு உத்தரவாத திட்டம் இருக்கு, செப்டம்பர் மாசத்துக்குள்ள போடணும், பெர்க்லிக்கும் எல்ஏ-வுக்கும் அது கிடையாது.

விசா விஷயம் தனியா சொல்லணும், ஏன்னா நம்மாளுங்கள்ல பாதி பேருக்கு இதுதான் தலைவலி. எச்-4ல, அதாவது எச்-1பி வேலை விசால இருக்கற அப்பா அம்மாவோட விசால, இருக்கற புள்ளைங்க 21 வயசுல அந்த ஸ்டேட்டஸ்ல இருந்து வெளிய வந்து எஃப்-1 ஸ்டூடண்ட் விசாவுக்கு மாறணும், டிகிரி முடிக்கிறதுக்குள்ளயே அது வரலாம். ஜர்னலிசம் ஸ்டெம் (அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு) பட்டியல்ல இல்ல, அதனால டிகிரிக்கு அப்புறம் ஓபிடிங்கற வேலை அனுமதி 12 மாசம்தான், கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு கிடைக்கிற கூடுதல் 24 மாசம் கிடையாது. சின்ன ஊர் பேப்பர் எச்-1பி ஸ்பான்சர் பண்ணும்னு எதிர்பார்க்காதீங்க. க்ரீன் கார்டோ சிட்டிசன்ஷிப்போ இல்லாத புள்ளைன்னா மேல சொன்ன எல்லா கணக்கும் மாறும், அங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மேஜர், கூட ஸ்டூடண்ட் பேப்பர், இதுதான் புத்திசாலித்தனம். ஊர்ல இருந்து நேரா எஃப்-1ல கம்யூனிட்டி காலேஜ் வந்து ஜர்னலிசம் படிக்கலாமான்னு கேட்டாங்க ஒருத்தங்க, வேணாங்க, நான்-ரெசிடென்ட் ஃபீஸ் பல மடங்கு, கைல கிடைக்கிறது ஒரு வருஷ வேலை அனுமதி. அதுக்கு ஊர்லயே ஏதாவது டிகிரி முடிச்சுட்டு சென்னைல தரமணில இருக்கற ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்துல டிப்ளமோ பண்ணலாம், பணமும் மிச்சம், ஊரும் தெரியும்.

முதல் வேலை எங்க கிடைக்கும்? டிவின்னா சான் ஃப்ரான்சிஸ்கோல கிடைக்காது, அது பெரிய மார்க்கெட், சிகோ, யுரேகா, பேக்கர்ஸ்ஃபீல்ட் மாதிரி ஊர்ல ரெண்டு மூணு வருஷ கான்ட்ராக்ட்ல ஆரம்பிக்கணும், அங்க எம்எம்ஜே-ன்னு பேரு, கேமரா தூக்கறது, கேள்வி கேக்கறது, எடிட் பண்றது, லைவ்ல நிக்கறது எல்லாம் ஒரே ஆள். பேப்பர், ஆன்லைன்ன்னா ரெண்டு ப்ரோக்ராம் பேர குறிச்சு வெச்சுக்கங்க. ஒன்னு பெர்க்லி ஜர்னலிசம் ஸ்கூல் நடத்தற கலிஃபோர்னியா லோக்கல் நியூஸ் ஃபெலோஷிப், 2022-ல ஸ்டேட் அதுக்கு 25 மில்லியன் டாலர் ஒதுக்கினது, புது ரிப்போர்ட்டருங்கள லோக்கல் நியூஸ்ரூம்கள்ல ரெண்டு வருஷம் வெச்சு சம்பளம் கொடுக்கறாங்க. இன்னொன்னு ரிப்போர்ட் ஃபார் அமெரிக்கா, நியூஸ்ரூமுக்கு சம்பளத்துல ஒரு பங்கு அவங்க போடுவாங்க. சின்ன இடம்னு அலட்சியமா நினைக்க வேணாம், 2020-ல ஆரம்பிச்ச லுக்அவுட் சான்டா க்ரூஸ்ங்கற லோக்கல் சைட் 2024-ல புலிட்சர் வாங்குச்சு, வெள்ளம் வந்தப்ப ஊர் ஜனங்களுக்கு எந்த ரோடு மூடியிருக்கு, எங்க போகணும்னு விடாம எழுதினதுக்கு.

இந்த ஃபீல்டுலயே இருக்காம வெளிய போனாலும் திறமை வீணாகாது. அதே 2023 கணக்குல பிஆர் (மக்கள் தொடர்பு) வேலைக்கு மீடியன் 66,750, டெக்னிக்கல் ரைட்டருக்கு 80,050. ரிப்போர்ட்டரா இருந்தவங்க இந்த ரெண்டு பக்கமும் நிறைய போறாங்க, சிலர் சந்தோஷமா, சிலர் பெருமூச்சோட.

அக்கா பொண்ணுக்கு நான் சொன்னது, பன்னெண்டாவது படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ்ல நியூஸ் ரைட்டிங் கிளாஸ் ஒன்னு எடுத்துப் பாரு, ஹைஸ்கூல் பசங்களுக்கு பெரும்பாலும் அந்த யூனிட் ஃபீஸ் கிடையாது. முன்ன பின்ன தெரியாத ஆளுக்கு போன் போட்டு கேள்வி கேக்க பயமா இருந்தா அங்கயே தெரிஞ்சுடும், பிடிச்சிருந்தாலும் அங்கயே தெரிஞ்சுடும். அவ கிளாஸ்ல சேர்ந்துட்டா. மாமா ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்காரு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாஸ் கண்டிப்பா எடுக்கணுமாம். ட்ரான்ஸ்ஃபருக்கு எப்படியும் ஒரு மேத்ஸ் கோர்ஸ் வேணும், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்தாலே அது முடிஞ்சுடும், பட்ஜெட் ஸ்டோரி எழுத அதுதான் உதவும், அவகிட்ட சொல்லிட்டேன், மாமாகிட்ட இன்னும் சொல்லல.